காற்றுக்கு மணமில்லை

(சடையங்குப்பத்தில் நடைபெற்ற நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில், "மழலையர்க்குக் காற்றைக் கற்பித்தல்" என்னும் பொருளில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வெள்ளி விழா மேடையில் கடந்த காலப் பெருமைகளை எடுத்துரைப்பது மரபு. அப்பணியை நமக்கு முன் பேசியோர் செவ்வனே செய்து முடித்தனர். நமக்கு ஒதுக்கப்பெற்ற தலைப்போ மிகச் சிறியது. சிறு குழந்தைகளுக்குக் காற்றைப் பற்றி எவ்வாறு கற்பிப்பது என்பதே அது. "இது ஆசிரியர்களின் வேலையாயிற்றே, ஊர்க் கூட்டத்தில் பேசத் தக்கதா?" என்று சிலர் எண்ணக்கூடும். மாலை வகுப்பில் நாம் அடைந்த ஒரு தோல்வியைச் சொன்னால், இது ஊரார் அனைவரும் பேச வேண்டிய பொருளே என்பது விளங்கும்.

சில ஆண்டுகளுக்கு முன், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காற்றுப் பாடம் நடத்திக் கொண்டிருந்தோம். "காற்றுக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை" என்று கரும்பலகையில் எழுதிப் பிள்ளைகளைச் சேர்ந்து சொல்லச் செய்தோம். ஒரு சிறுமி மட்டும் வாய் திறக்கவில்லை. ஏனென்று கேட்டோம். "ஐயா, எங்கள் வீட்டுக் காற்றுக்கு வாடை உண்டே. ராத்திரியில் அழுகின முட்டை வாடை வரும். விடியற்காலையில் எண்ணெய் வாடை வரும்" என்றாள். வகுப்பு சிரித்தது. நாம் என்ன செய்தோம்? "புத்தகத்தில் உள்ளதைச் சொல்" என்று அவளை உட்கார வைத்தோம். அவள் உட்கார்ந்தாள், புத்தகத்தில் உள்ளதைச் சொன்னாள், தேர்விலும் அவ்வாறே எழுதி மதிப்பெண் பெற்றாள். அந்த நாளை நினைக்கும்போது இன்றும் நமக்கு நாணம் மேலிடுகிறது. தன் மூக்கு சொன்ன மெய்யைப் பொய்யென்று ஒதுக்கக் கற்றுக் கொடுத்துவிட்டு, அதற்கு அறிவியல் என்று பெயரிட்டோம்.

பின்னர் ஆர அமர எண்ணிப் பார்த்தோம். புத்தகம் சொன்னதும் சரி. சிறுமி சொன்னதும் சரி. காற்றுக்கு மணமில்லை என்பது உண்மை. ஆகவே மணம் வருமாயின், அது காற்றின் மணமன்று. காற்றில் கலந்த வேறொன்றின் மணம். கலந்திருக்கிறது என்றால், அது எங்கிருந்தோ வந்திருக்க வேண்டும். அதன் பெயரென்ன, எங்கிருந்து வந்தது, எந்தத் திசைக் காற்று கொணர்ந்தது என்று கேட்பதே அறிவியலின் முதற்படி. அச்சிறுமி அப்படியில் கால் வைத்தாள், நாம் இறக்கிவிட்டோம். அப்பிழையைத் திருத்திக் கொள்ளும் முயற்சியில் நாம் கற்றவற்றையே இன்று உங்கள் முன் வைக்கிறோம்.

முதலில், காற்று என்பது ஒரு பொருள் என்பதைப் பிள்ளை கையால் அறிய வேண்டும். இதற்குச் செலவு வேண்டியதில்லை. ஒரு கண்ணாடிக் குவளையின் அடியில் காகிதத்தைக் கசக்கித் திணியுங்கள். குவளையைத் தலைகீழாக, சாயாமல், வாளி நீருக்குள் அமிழ்த்துங்கள். எடுத்துப் பார்த்தால் காகிதம் நனைந்திராது. வெறுமையென்று நாம் நினைத்த குவளைக்குள் ஒருவர் குடியிருக்கிறார். அவர் இடம் விட்டாலன்றி நீர் உள்ளே வர இயலாது. குவளையைச் சற்றே சாய்த்தால் அவர் குமிழிகளாக வெளியேறுவதையும் பிள்ளைகள் காண்பர்.

அடுத்தது எடை. ஒரு கழியின் நடுவில் நூல் கட்டி, இரு முனைகளிலும் ஊதிய பலூன்களைக் கட்டிச் சமன் செய்யுங்கள். ஒரு பலூனில் ஒட்டுத்தாள் ஒட்டி, அதன்மேல் ஊசியால் குத்துங்கள். பலூன் வெடித்துச் சிதறாமல் காற்று மெல்ல இறங்கும். அந்த முனை மேலெழும். காற்றுக்கு எடை உண்டு. பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரமுள்ள ஓர் அறையிலுள்ள காற்றின் எடை முப்பது கிலோவுக்கு மேல் வரும். இதைக் கேட்ட பிள்ளைகள் நம்ப மறுத்துத் தம் வீட்டை அண்ணாந்து பார்ப்பது ஆசிரியர்க்குக் கிடைக்கும் பரிசு.

இவ்விடத்தில் ஆசிரியர்களுக்கு ஓர் எச்சரிக்கை. தட்டில் நீர் ஊற்றி, எரியும் மெழுகுவத்தியைக் குவளையால் மூடினால், சுடர் அணைந்து நீர் உள்ளே ஏறும். "ஏறிய நீரின் அளவே எரிந்துபோன ஆக்சிஜனின் அளவு, ஆகவே ஐந்தில் ஒரு பங்கு" என்று பலர் சொல்லி வருகின்றனர். இது தவறு. சுடரின் வெப்பத்தால் விரிந்த காற்று, அணைந்தபின் குளிர்ந்து சுருங்குவதே நீர் ஏறுவதற்குப் பெருங்காரணம். ஆக்சிஜன் முழுதும் தீரும் முன்னரே சுடர் அணைந்துவிடுகிறது. காற்றில் நைட்ரஜன் ஏறத்தாழ நூற்றுக்கு 78 பங்கு, ஆக்சிஜன் 21 பங்கு, ஆர்கான் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு, கரியமில வாயு நூற்றில் 0.04 பங்கு என்பதைத் தனியே சொல்லிக் கொடுங்கள். நம் பிள்ளைகளுக்குப் பிறர் தயங்கித் தரும் கல்வியை நாமும் பிழையோடு தரலாகாது.

வளிமண்டலம் எவ்வளவு உயரம் என்று பிள்ளைகள் கேட்பர். வானம் முழுதும் காற்று என்று அவர்கள் எண்ணியிருப்பர். திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரை ஏறத்தாழ ஐந்தரைக் கிலோமீட்டர். அத்தொலைவை நிமிர்த்தி நிறுத்தினால், உலகத்துக் காற்றின் நிறையில் சரிபாதி அதற்குள் அடங்கிவிடும். நடந்தால் ஒன்றரை மணி நேர வழி. உலகில் மூச்சுவிடும் உயிர்கள் யாவற்றுக்கும் அதுவே பெருமுதல். இதைச் சொன்ன அன்று ஒரு சிறுவன், "அவ்வளவுதானா ஐயா?" என்று கேட்டான். அந்தக் கேள்வி நூறு பாடங்களுக்கு ஈடு.

காற்றைப் பற்றிய அறிவு தமிழர்க்குப் புதிதன்று. கிழக்கிலிருந்து வருவது கொண்டல், தெற்கிலிருந்து வருவது தென்றல், மேற்கிலிருந்து வருவது கோடை, வடக்கிலிருந்து வருவது வாடை என நான்கு திசைக் காற்றுக்கும் பெயரிட்டனர் நம் முன்னோர். வளியைத் தொழில் கொண்டு கலம் செலுத்தியவர் வழிவந்தவன் எனக் கரிகாலனைப் பாடினார் வெண்ணிக்குயத்தியார் என்னும் பெண்பாற் புலவர். எழுத்தொலிகள் பிறப்பதற்கு உந்தியிலிருந்து எழும் காற்றே முதல் என்கிறது தொல்காப்பியம். பிள்ளைகளைத் தொண்டையில் விரல் வைத்து "அ" என்று சொல்லச் சொல்லுங்கள்; வாய்க்கு முன் உள்ளங்கையை வைத்து "ப" என்று சொல்லச் சொல்லுங்கள். தாம் பேசும் தமிழே காற்று என்பதை உணர்வர்.

இனி நம் ஊர்ப் பாடத்துக்கு வருவோம். சடையங்குப்பத்தின் நிலையைப் படமாக வரைந்து பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். கிழக்கே பக்கிங்காம் கால்வாயும் அதற்கப்பால் கடலும். தெற்கிலும் தென்மேற்கிலும் மணலியின் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும் வேதி ஆலைகளும். வடக்கே கொசஸ்தலையாற்றின் கழிமுகமும் அனல்மின் நிலையங்களும். இப்போது ஒரு கழியில் துணிக்கீற்றைக் கட்டி நட்டு, காலையிலும் மாலையிலும் அது எத்திசையில் பறக்கிறது எனக் குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள். பக்கத்தில், அந்நேரம் மூக்கு உணர்ந்ததையும் எழுதச் சொல்லுங்கள். வேறொன்றும் வேண்டா. ஒரு மாதத்தில் பிள்ளைகளே கண்டு சொல்வர்: கோடைக் காற்றில் ஒரு மணம், வாடைக் காற்றில் வேறொரு மணம், கடற்காற்றில் மணமின்மை. தமிழில் வாடை என்பதற்கு வடகாற்று என்றும் நாற்றம் என்றும் இரு பொருள் உண்டு. நம் பிள்ளைகள் இரண்டையும் சேர்த்தே கற்கின்றனர்.

பகலில் நிலம் விரைந்து சூடேறுகிறது. நிலத்தின்மேற் காற்று இலேசாகி எழுகிறது. அவ்விடத்தை நிரப்பக் கடற்காற்று வருகிறது. எரியும் விளக்கின்மேல் ஊதுவத்திப் புகை விரைந்து மேலெழுவதைக் காட்டினால் இது புரியும். பனிக்கால விடியலிலோ நிலம் குளிர்ந்து, அதையொட்டிய காற்றும் குளிர்ந்து, மேலே வெம்மையான காற்றடுக்கு மூடிபோல் அமைகிறது. அப்போது புகை மேலெழ இயலாமல் வீட்டு வாசலிலேயே தங்கிவிடுகிறது. சிறுமி சொன்ன விடியற்கால எண்ணெய் வாடைக்கு விளக்கம் இதில்தான் உள்ளது. போகியன்று நாம் கொளுத்தும் பழந்துணியும் ரப்பரும் நகரையே மூடும் புகையாவதும் இதனாலேயே. பிறரைக் கேள்வி கேட்கும் முன், நம் தெருவில் டயர் எரிவதை நிறுத்துவது நம் கடன்.

கண்ணுக்குத் தெரியும் பாடம் மற்றொன்று. வெள்ளை அட்டைகளில் தேங்காயெண்ணெயை மெல்லியதாகத் தடவி, ஒன்றைப் பள்ளிச் சன்னலிலும், ஒன்றைச் சரக்குப் பெட்டி லாரிகள் செல்லும் சாலையோரத்திலும், ஒன்றைக் கால்வாய்க் கரையிலும் தொங்கவிடுங்கள். மூன்று நாள் கழித்து உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்க்கட்டும். அதில் ஒட்டியிருப்பவை பெரிய துகள்கள். நுரையீரலின் ஆழம் வரை செல்பவை 2.5 மைக்ரோமீட்டரும் அதற்குக் குறைந்தவையும். தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்கு அளவினவை. அவை கண்ணுக்குத் தெரியா. நிலக்கரி எரிதல், டீசல் புகை ஆகியவற்றால் பிறப்பவை. நம் நாட்டின் 2009ஆம் ஆண்டு வரையறைப்படி இத்துகள் ஒரு கனமீட்டரில் ஆண்டுச் சராசரி 40 மைக்ரோகிராம் வரை இருக்கலாம். உலக நலவாழ்வு நிறுவனம் 2021இல் விதித்த அளவோ வெறும் 5.

இங்கே மூக்கின் எல்லையையும் கற்பிக்க வேண்டும். மூக்கு நல்ல ஆசிரியர். ஆனால் முழு ஆசிரியர் அல்லர். மூடிய அறையில் கரி எரிந்தால் எழும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமே இல்லை; அது ஆளைக் கொல்லும். அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடு மிகுந்தால் மோப்ப உணர்வையே மரக்கச் செய்துவிடும். நாற்றம் நின்றதால் வாயு போய்விட்டது என்று கருதலாகாது. ஆகவேதான் மூக்கோடு கருவியும் வேண்டும், எண்ணும் வேண்டும். 2014இல் அறிவிக்கப்பெற்ற காற்றுத் தர அளவெண் சுழியம் முதல் 500 வரை ஆறு நிலைகளை ஆறு நிறங்களில் காட்டுகிறது. மணலியிலேயே தானியங்கிக் கண்காணிப்பு நிலையம் உண்டு. கைப்பேசி வைத்திருக்கும் இளைஞர்கள் நாள்தோறும் அந்த எண்ணைப் பார்த்து, மன்றத்துக் கரும்பலகையில் அதற்குரிய நிறச் சுண்ணத்தால் எழுதலாம். ஐந்து வயதுப் பிள்ளைக்கும் பச்சையும் சிவப்பும் தெரியும்.

இவ்வளவும் ஏன்? நாள் ஒன்றுக்கு நாம் உண்பது ஒன்றிரண்டு கிலோ. குடிப்பது இரண்டு மூன்று லிட்டர். மூச்சில் இழுப்பதோ பத்தாயிரம் லிட்டருக்கு மேல். சோற்றில் கல் கிடந்தால் எடுத்துப் போடலாம். நீர் கலங்கினால் வடிகட்டலாம். காற்றை வேண்டாவென்று தள்ள எவராலும் இயலாது. சிறு பிள்ளைகள் பெரியோரைவிட விரைந்து மூச்சுவிடுகின்றனர். உடல் எடைக்கு ஒப்பிட, நம்மைவிட மிகுதியாகக் காற்றை உட்கொள்கின்றனர். அவர்தம் நுரையீரல் இன்னும் வளர்ந்து கொண்டிருப்பது. ஆகவே காற்றின் குறை முதலில் தாக்குவது அவர்களையே.

2009இல் நடுவண் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டின் தொழிற்பகுதிகளை மதிப்பிட்டபோது, 70க்கு மேல் பெற்ற இடங்களை மிகக் கடுமையாக மாசுற்றவை என்றது. மணலி பெற்றது 76.32. தேர்வில் இந்த மதிப்பெண் பெற்றால் மகிழலாம். இதில் மகிழ வழியில்லை. 2023 திசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கால்வாயிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் எண்ணெய் பரவியதை நாம் கண்டோம். அதே மாதம் 26ஆம் நாள் நள்ளிரவில், எண்ணூரில் உர ஆலை ஒன்றின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக் கொண்டு இருளில் ஓடினர். 2024 அக்டோபரில் திருவொற்றியூரில் ஒரு பள்ளியின் மாணவியர் பலர் தொண்டை எரிந்து மயங்கினர். நவம்பரில் பள்ளி திறந்த நாளிலும் அதுவே நிகழ்ந்தது. அது என்ன வாயு என்று அந்நாளில் எவராலும் பெயர் சொல்ல இயலவில்லை.

ஆதலால் பாதுகாப்பும் பாடத்தின் பகுதியாக வேண்டும். வாயு கசிந்தால், அது வரும் திசையை நோக்கியும் ஓடலாகாது. அது செல்லும் திசையிலேயே ஓடுவதும் கூடாது. காற்றுக்குக் குறுக்காக விலக வேண்டும். அம்மோனியா நீரில் எளிதிற் கரையும். எனவே ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடுவது அதற்கு உதவும். எல்லா வாயுவுக்கும் அது காப்பாகாது. துணிக்கீற்றுக் கழியைப் பார்த்துப் பழகிய பிள்ளை நள்ளிரவிலும் திசை தவறாது. 1984 திசம்பரில் போபாலில், எப்பக்கம் ஓடுவதென்று அறியாமல் வாயுவோடு ஓடி மாண்டவர் எத்தனையோ பேர்.

இங்கே தந்தையர் சிலர் மனத்தில் எழும் கேள்வியை நாம் அறிவோம். "அந்த ஆலைதானே நமக்குச் சோறு போடுகிறது? பிள்ளைகளை அதற்கு எதிராகத் தூண்டலாமா?" அக்கேள்வியை நாம் இகழவில்லை. நம்மவர் பலர் ஒப்பந்தக் கூலிகளாக அந்த வாயில்களில் நிற்பவர்கள். காற்றிலுள்ள நைட்ரஜனை எடுத்து அம்மோனியாவாக்கி, அதை உரமாக்கும் தொழில் மணலியில் நடக்கிறது. நாட்டுக்கு உணவு தரும் தொழில் அது. அதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கத்தான் வேண்டும். ஆலை வேண்டா என்பது நம் பாடமன்று. ஆலைக்குள் இருக்க வேண்டியது ஆலைக்குள் இருக்க வேண்டும் என்பதே பாடம். வாயுவின் பெயரறிந்த தொழிலாளி தன்னையும் காத்துக் கொள்வான், ஆலையையும் காப்பான். நம் பிள்ளைகள் அவ்வாயிலில் கூலியாக மட்டும் அன்றி, வேதியியலாளராகவும், பாதுகாப்பு அலுவலராகவும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியப் பொறியாளராகவும் நுழைய வேண்டும் என்பதே இச்சங்கத்தின் கனவு.

மற்றொரு பாடத்தையும் இளைஞர்கள் மறத்தல் ஆகாது. இராயபுரத்து வீடுகளில் துறைமுக நிலக்கரித் தூசு படிகிறது என்ற முறையீட்டின்பேரில், நிலக்கரியையும் இரும்புத் தாதுவையும் சென்னைத் துறைமுகத்தில் கையாளலாகாது என்று 2011இல் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. இராயபுரம் மக்களுக்கு அது நியாயமான வெற்றி. ஆனால் நிலக்கரி எங்கே சென்றது? எண்ணூர்த் துறைமுகத்துக்கு வந்தது. தூசு ஒழியவில்லை, முகவரி மாறியது. குரல் எழுந்த இடத்திலிருந்து, குரல் எழாத இடத்துக்கு அது நகர்ந்தது.

இடம் மாற்றி வைக்கப்படுவது நமக்குப் புதிதன்று. காற்று வீசும் திசை பார்த்தே சேரிக்கு இடம் குறித்த ஊர்களைப் பற்றி மூத்தோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். 1927 மார்ச்சில் அண்ணல் அம்பேத்கர் மகத் நகரின் சவுதார் குளத்து நீரை அள்ளிப் பருகியது தாகத்துக்காக அன்று. பொதுவானது எல்லோர்க்கும் பொது என்பதை நிலைநாட்டவே. தாத்தா இரட்டைமலை சீனிவாசன் 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் பொதுச் சாலையும் பொதுக் கிணறும் நமக்கும் உரியவை என்று தீர்மானம் கொணர்ந்தார். பெருந்தலைவர் எம். சி. ராஜா ஆசிரியராகப் பணி தொடங்கிப் பாடநூல்கள் எழுதியவர். சட்டமன்றத்தில் பேசுவதும் மழலைக்குப் பாடம் சொல்வதும் அவருக்கு ஒரே பணியாக இருந்தன. அவர்கள் நீருக்கும் வழிக்கும் போராடினர். காற்று நம் தலைமுறைக்கு வந்த கடன்.

அதற்கான சட்டமும் உண்டு. 1981இல் காற்று மாசுத் தடுப்புச் சட்டம் வந்தது. அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் தூய நீரும் தூய காற்றும் அடங்கும் என்று 1991இல் உச்ச நீதிமன்றம் கூறியது. அதே ஆண்டு, சுற்றுச்சூழற் கல்வியைப் பள்ளிகளில் கட்டாயப் பாடமாக்கவும் அது வழிகாட்டியது. ஆனால் பெயர் தெரியாத ஒன்றைக் குறித்து எவரும் மனு எழுத இயலாது. "நாற்றம் வருகிறது" என்று எழுதினால் கோப்பில் உறங்கும். "இன்ன நாள், இன்ன நேரம், தென்மேற்குக் காற்றில், அழுகிய முட்டை மணம், அளவெண் இத்தனை" என்று முப்பது நாள் குறிப்போடு எழுதினால் அதை எளிதில் ஒதுக்க இயலாது. பிள்ளையின் குறிப்பேடே நாளை ஊரின் ஆவணம்.

இளைஞர்களுக்கு நம் வேண்டுகோள் மூன்று. மன்றத்துக்கு முன் ஒரு கழி நட்டுத் துணிக்கீற்றைக் கட்டுங்கள். கரும்பலகையில் நாள்தோறும் அளவெண்ணை எழுதுங்கள். வாரம் ஒரு மாலை, மழலைகளோடு அமர்ந்து அவர்கள் குறிப்பேட்டைப் படியுங்கள். மூன்றுக்கும் சேர்த்து ஆகும் செலவு ஒரு வேளைத் தேநீருக்கும் குறைவு.

அந்தச் சிறுமியிடம் பின்னொரு நாள் நாம் சென்று, "அன்று நீ சொன்னதே சரி, அம்மா" என்று சொன்னோம். அவள் சிரித்துவிட்டு, "அப்படியானால் அதன் பெயர் என்ன ஐயா?" என்று கேட்டாள். பெயரைச் சொன்னோம். கைவிரலால் காற்றில் எழுதிப் பார்த்துக் கொண்டாள். நம் சங்கத்தின் அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளும் அவ்வாறு கேட்கும் பிள்ளைகளை உட்கார வைக்காத ஆண்டுகளாக அமையட்டும்.